மெத்தையில் சிறுநீர் கழிக்கும் பூனை: முதலில் ஈரத்தைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் சொன்னதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வீட்டில் வளர்ந்த கடுவன், அதாவது ஆண் பூனை, ஒன்றரை வயது, கருத்தடை செய்யவில்லை. கிருஷ்ணகிரி டவுனில் மாடி வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து வெளியே விடுவதில்லை. மூடி போட்ட லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை மலசலம் கழிக்கும் மண் பெட்டி, வாங்கி, லாவண்டர் வாசனை மண் போட்டு, பாத்ரூமில் வைத்திருக்கிறீர்கள். மலம் பெட்டியில் போகிறது, சிறுநீர் மட்டும் மெத்தையிலும் அழுக்குத்துணிக் கூடையிலும், சில நாள் வாசல் கதவிலும். பினாயில் போட்டுத் துடைத்தீர்கள், மூக்கை ஈரத்தில் தேய்த்தீர்கள், துடைப்பத்தால் அடித்தும் பார்த்தீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. அக்கா பிரசவத்துக்கு வருவதற்குள் பூனையைத் திரும்பத் தோப்பில் விட்டுவிடச் சொல்கிறார் அம்மா.

அம்மா நினைப்பதுபோல் அது வீம்புக்குச் செய்யவில்லை. இது இவர்கள் படுக்கும் இடம், இதைப் பாழாக்கினால் வருத்தப்படுவார்கள் என்ற கணக்கெல்லாம் பூனைக்குக் கிடையாது. அதற்குத் தெரிவது காலுக்கு மெத்தென்று இருக்கும் இடம், தன் வாசம் இருக்கும் இடம், பயமில்லாமல் உட்காரக்கூடிய இடம், போனமுறை வலித்த இடம், இவ்வளவுதான். ஏதோ ஒன்று அதைப் பெட்டியிலிருந்து விரட்டுகிறது, ஏதோ ஒன்று மெத்தைக்கு இழுக்கிறது. அந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலான பூனைகள் திருந்திவிடும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் பூனைக்குச் சிறுநீர் தடையில்லாமல் இறங்குகிறதா? கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகல். சளி மாதிரியான கசடும் நுண்ணிய படிகங்களும் சேர்ந்து அதை அடைத்துக்கொள்ளும். அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, அடியில் நக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால் அது பழக்கக் கோளாறு கிடையாது, உயிர் போகிற விஷயம். முழுசாக அடைத்துக்கொண்டால் சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஒன்றிரண்டு நாளில் இதயமே நின்றுவிடும். நம் பக்கம் நிறையப் பேர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டுக் காலைவரை காத்திருக்கிறார்கள், ஏனென்றால் பூனை முக்கி உட்காரும் விதம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாந்தி எடுத்து, சாப்பாட்டைத் தொடாமல் மூலையில் கிடக்கிறது என்றால் கட்டம் முற்றிவிட்டது, நடு ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், நிறைந்திருக்கும் சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம்.

நம் மாவட்டங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்த்துப் பழகிய டாக்டர்கள்தான் அதிகம், எல்லா இடத்திலும் பூனைக்குக் கதீட்டர், அதாவது அடைப்பை எடுக்கச் சிறுநீர் வழியில் விடும் மெல்லிய குழாய், போடும் வசதி இருக்காது. அதனால் பூனை நன்றாக இருக்கும்போதே உங்கள் அரசு கால்நடை மருத்துவமனையிலும் பக்கத்துத் தனியார் கிளினிக்கிலும் "கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் இங்கே கதீட்டர் போடுவீர்களா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்" என்று கேட்டு நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இடம் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, வடக்கே போனால் பெங்களூரு ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி. உங்கள் ஊரிலிருந்து இரண்டு ஊருக்கும் அதே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான்.

வீட்டு வைத்தியம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுபீளைக் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு என்று மனிதர்களுக்குக் கல்லடைப்புக்குக் கொடுப்பதைப் பூனைக்குப் புகட்டாதீர்கள், அதில் போவது நேரம்தான். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும், நம் உடம்பு அந்த மருந்தைப் பிரித்து வெளியேற்றும் வழி பூனை உடம்பில் சரியாக வேலை செய்யாது.

சரி, சிறுநீர் தாராளமாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி துடைக்கும் முன்னால் அந்த ஈரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான். உள்ளங்கையைவிட அகலமாக, ஒரே இடத்தில் மொத்தமாகத் தேங்கியிருந்தால் பூனை நிம்மதியாக உட்கார்ந்து முழுப் பையையும் காலி செய்திருக்கிறது, அதாவது பெட்டி பிடிக்காமல் இந்த இடத்தைக் கழிப்பிடமாக எடுத்துக்கொண்டது. ரூபாய் நாணய அளவுக்குச் சின்னச் சின்னதாக நாலைந்து இடத்தில், அதுவும் டைல்ஸ் மேல், சிங்க்கில், இளஞ்சிவப்பாக இருந்தால் பை புண்ணாகி எரிகிறது. சுவரிலோ கதவிலோ ஒரு முழ உயரத்திலிருந்து கோடாக வழிந்திருந்தால் அது கழித்ததே இல்லை, அடையாளம் போட்டிருக்கிறது. அடையாளம் போடும் பூனை உட்காராது. கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, வால் நுனி படபடவென்று நடுங்க, பின்னங்காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு பின்பக்கமாகப் பீய்ச்சும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு அப்புறம் சந்தேகமே வராது.

நீங்கள் அனுப்பிய மெத்தைப் படத்தில் இருப்பது பெரிய வட்டம். கதவுப் படத்தில் இருப்பது வழிந்த கோடு. ஆக உங்கள் வீட்டில் நடப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. கதவுக்கு ஒரு வைத்தியம், மெத்தைக்கு வேறு வைத்தியம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் எதைச் செய்தும் பலன் தெரியவில்லை.

எப்படியிருந்தாலும் ஒரு சிறுநீர்ச் சோதனை செய்துவிடுங்கள். பெட்டியைக் கழுவித் துடைத்து, மண்ணுக்குப் பதில் நீரை உறிஞ்சாத மீன்தொட்டிக் கூழாங்கற்களைக் கழுவிக் காயவைத்துக் கொஞ்சமாகப் பரப்பி வையுங்கள், போனதும் ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிச் சுத்தமான டப்பாவில் எடுத்து, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் நேரம் போகப்போகப் படிகங்கள் தானாகவே உருவாகும், பிறகு ரிப்போர்ட்டை நம்ப முடியாது. இந்த வயதுப் பூனைக்குக் கிருமித் தொற்று அபூர்வம். பை எரிச்சல் என்று வருவதில் பெரும்பகுதி காரணம் பிடிபடாத அழற்சி, மன அழுத்தத்தில் கிளம்புவது, சில நாளில் தானே அடங்கி மறுபடி வருவது. அதனால் பார்த்த உடனே ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்பினால் சோதனை பார்த்துவிட்டுப் போடலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள், அழற்சிக்கு வேண்டியது வலி குறைக்கும் மருந்தும் தண்ணீரும் அமைதியும்தான். பத்து வயதைத் தாண்டிய பூனை என்றால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி என்று வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கும். உங்களுடையதற்கு அது இப்போது தேவையில்லை.

இனி பினாயில். நம் வீடுகளில் பூனை பிரச்சினை பெரிதாவதற்குப் பாதிக் காரணம் இந்த பாட்டில்தான் என்று நான் நினைக்கிறேன். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள், அதாவது தார் வாசம் அடிக்கும் கறுப்புப் பினாயில், டெட்டால் போன்றவை, பூனைக்கு விஷம். ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்ற அதன் கல்லீரலுக்குத் தெரியாது. பூனை தரையில் நடந்து பாதத்தை நக்கியே அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். சரி, விஷம் ஒருபக்கம் இருக்கட்டும், நீங்கள் நினைத்த காரியமாவது நடக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பினாயில் வாசம் நம் மூக்குக்கு மூத்திர வாசத்தை மறைக்கும், பூனை மூக்குக்கு மறைக்காது. சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது, துணியின் இழையில் ஒட்டிக்கொண்டு, ஈரக்காற்று பட்டதும் மறுபடி வாசம் விடும். மழைநாளில் திடீரென்று வீடே நாறுவது இதனால்தான். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் விஷவாயு கிளம்பும்.

என்ன செய்யலாம் என்றால், புது ஈரத்தைத் தேய்க்காமல் பழைய துணியை வைத்து அழுத்தி உறிஞ்சுங்கள். குளிர்ந்த தண்ணீர் விட்டு மறுபடி உறிஞ்சுங்கள். பிறகு செல்லப்பிராணிக்கென்றே விற்கும் என்சைம் கிளீனர் (சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்), ஓசூரில் கிடைக்கும், ஆன்லைனிலும் வாங்கலாம். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இது இறங்கும்படி ஊற்ற வேண்டும், மேலே தெளித்துத் துடைப்பது வீண். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் ஊறவிட்டு வெயிலில் காய வையுங்கள். கையில் கிளீனர் இல்லாத நாளில் என்சைம் கலந்த சலவைத்தூளைத் தண்ணீரில் கரைத்து ஊறவைத்து நன்றாக அலசலாம், ஓரளவு கேட்கும். உங்கள் மெத்தை இலவம்பஞ்சு என்றால் உறையைப் பிரித்து, நனைந்த பஞ்சை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டி வெயிலில் உலர்த்தித் திரும்ப அடைப்பது நல்லது, பஞ்சுக்குள் இறங்கியதை எதுவும் முழுசாக எடுக்காது. மேலே குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட்டை விரித்துவிடுங்கள். பழைய கறை எங்கே என்று தெரியாவிட்டால் இருட்டில் ஒரு யூவி டார்ச் அடித்துப் பாருங்கள், சிறுநீர் பட்ட இடம் மங்கிய மஞ்சள் பச்சையாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாத இடங்களும் அதில் தெரியவரும், எல்லாவற்றையும் ஒரே வீச்சில் சுத்தம் செய்தால்தான் பலன்.

அடுத்தது பெட்டி. இந்தப் பூனை இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மா மரத்தடியில், சருகு கலந்த செம்மண்ணில், நாலு பக்கமும் பார்த்தபடி குழி பறித்து, முடித்து, மூடிவிட்டு நடந்திருக்கும். இப்போது அதற்குக் கிடைத்திருப்பது ஒரு மூடிய டப்பா, உள்ளே சென்ட் வாசம், வெளியே பாத்ரூம் ஈரம், யாராவது வாளியை நகர்த்தினால் சத்தம், கதவு சாத்தியிருந்தால் போகவே வழியில்லை. மலத்துக்கு எப்படியோ சமாளிக்கிறது, சிறுநீருக்கு மெத்தென்று உறிஞ்சும் இடத்தைத் தேடிப் போகிறது. மெத்தையும் துணிக்கூடையும் அதன் காலுக்கு இளகிய மண் மாதிரி.

மூடியைக் கழற்றித் தூர வையுங்கள். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும், வளர்ந்த கடுவனுக்கு ஏறக்குறைய 70 செ.மீ. கடையில் பூனைக்கென்று விற்கும் பெட்டிகள் பலவும் இதைவிடச் சிறியவை, பாத்திரக் கடையில் நீளமான பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்கி ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி ஓரத்தைத் தேய்த்துவிட்டால் போதும். பூனை ஒன்றுதான் என்றாலும் இரண்டு பெட்டி, இரண்டு வெவ்வேறு இடத்தில். ஒன்றை இப்போதைக்கு மெத்தை இருக்கும் அறையிலேயே வையுங்கள். அம்மா முகம் சுளிப்பார், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பெட்டியில் போகப் பழகியதும் தினம் ஓரிரு அங்குலமாக நகர்த்தி உங்களுக்கு வேண்டிய மூலைக்குக் கொண்டுபோய்விடலாம். ஒரேயடியாக மாற்றினால் திரும்ப மெத்தைக்கு வந்துவிடும்.

மண் வாசனை இல்லாததாக, பொடியாக, ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் என்ற களிமண் வகையாக இருக்கட்டும். அதன் மேல் தோப்பிலிருந்து கொண்டுவந்து வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலித்த செம்மண்ணை ஒரு கை தூவுங்கள், பழகிய மண் என்று அது முகர்ந்து பார்த்தே உள்ளே இறங்கும். இன்னொரு பெட்டியில் தென்னை நார்க்கழிவு போட்டுப் பாருங்கள், காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளிப் பக்கம் கயிறு மில்களில் சுலபமாகக் கிடைக்கும், மெதுவாக இருக்கும், நன்றாக உறிஞ்சும், உலர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். எந்தப் பெட்டிக்கு அதிகம் போகிறது என்று பார்த்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம். மூன்று நாலு செ.மீ. உயரம் போதும். காலை மாலை கட்டியை அள்ளிவிட வேண்டும். டப்பைக் கழுவ வெறும் சோப்புத் தண்ணீர் போதும், அதிலும் பினாயில் வேண்டாம்.

கதவுக்கு வருவோம். கருத்தடை ஆகாத ஒன்றரை வயதுக் கடுவன் கதவில் பீய்ச்சுகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அநேகமாக ராத்திரியில் வேறொரு கடுவன் உங்கள் மாடிப்படி ஏறி வந்து வாசலில் வாசம் விட்டுப் போகிறது, உங்களுடையது உள்ளேயிருந்து பதில் சொல்கிறது. கருத்தடை செய்தால் பத்தில் ஒன்பது கடுவன்களுக்கு இது நிற்கும் அல்லது வெகுவாகக் குறையும், வாசத்தின் நெடியும் குறையும். ஆபரேஷன் ஆன மறுநாளே நிற்காது, ஹார்மோன் வடிய சில வாரம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். ஆண் பூனைக்கு இது சின்ன ஆபரேஷன், ஐந்தாறு மாத வயதிலேயே செய்யலாம். ஆண்மையைக் கெடுப்பது பாவம் என்று வீட்டில் யாராவது சொன்னால், செய்யாமல் விட்ட கடுவன்கள் சண்டையில் காது கிழிந்து, சீழ் பிடித்து, ரோட்டில் அடிபட்டுச் சாவதைச் சொல்லுங்கள். வாசலில் வெளிப்பூனைக்குச் சோறு வைக்கும் பழக்கம் இருந்தால் இடத்தைத் தள்ளி மாற்றுங்கள். கதவின் வெளிப்பக்கத்தையும் என்சைம் போட்டுக் கழுவுங்கள். படிக்கட்டு தெரியும் ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயம் படிகம் வராமல் இருப்பதற்கு முக்கியம். நாலு கிலோ பூனைக்குச் சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து நாளைக்கு ஏறக்குறைய 200 மில்லி தண்ணீர் உள்ளே போக வேண்டும். பாக்கெட் உலர் தீவனத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் ஈரம், வேகவைத்த கோழியிலும் மீனிலும் அது பல மடங்கு. உலர் தீவனம் மட்டும் போடுகிறீர்கள் என்றால் ஒரு வேளையாவது ஈரத் தீவனமாகவோ, வெங்காயமும் பூண்டும் உப்பும் சேராமல் வேகவைத்த கோழியின் தண்ணீரோடு கலந்தோ கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு. நம் மாவட்டங்களில் போர் தண்ணீரின் உப்பும் ஃபுளோரைடும் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, அதனால் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் வையுங்கள். ஆனால் போர் தண்ணீரால்தான் பூனைக்குக் கல் வருகிறது என்று அதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. அகலமான கிண்ணமாக, சாப்பாட்டுத் தட்டுக்கும் பெட்டிக்கும் தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள், மூக்கைத் தேய்ப்பதையும். அது கற்றுக்கொள்வது "மெத்தையில் போகக் கூடாது" என்பதை இல்லை, "இவர் இருக்கும்போது போகக் கூடாது" என்பதை. பிறகு கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று ஒளிந்து போகும், பயத்தில் பை எரிச்சலும் கூடும். ஏற்கெனவே வீடு மாறிய பதற்றம் அதற்கு இருக்கிறது. ஒரு வாரம் பத்து நாள் ஓர் அறையை அதற்கே ஒதுக்கி, பெட்டி, தண்ணீர், சாப்பாடு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஏறி உட்கார உயரமான இடம் எல்லாம் அங்கேயே வைத்து, தினம் இருவேளை அதோடு உட்கார்ந்து கயிறு இழுத்து விளையாடுங்கள். பெட்டியில் ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் ஒவ்வொரு அறையாகத் திறந்துவிடலாம். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு விடிய விடிய மைக் அலறும் நாளிலும், தீபாவளி வெடிக்கும், எருது விடும் விழாக் கூட்டத்துக்கும் அந்த அறையே அதற்குப் புகலிடமாக இருக்கட்டும், ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை ஓடவிட்டால் சத்தம் கொஞ்சம் மட்டுப்படும்.

அக்கா வருவதைப் பற்றி அம்மா பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்காமல் அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது பூனையின் சிறுநீரில் வராது, மலத்தில் வரும், வந்த உடனே தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினம் அள்ளிவிட்டால் பெரும்பகுதி ஆபத்து அங்கேயே முடிந்தது. அள்ளுவது நீங்களாக இருங்கள், அக்கா பெட்டியைத் தொட வேண்டாம். பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள், வீட்டிலும் கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், காய்கறியை நன்றாகக் கழுவுங்கள், மனிதர்களுக்கு இது வருவதில் அரைவேக்காட்டுக் கறிக்கும் மண் ஒட்டிய காய்க்கும் பெரிய பங்கு உண்டு. குழந்தை பிறந்த பிறகு தொட்டில் இருக்கும் அறைக்குள் பூனையைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தோப்பில் விடுவது பற்றி. தோப்பு வீட்டில் இப்போது உங்கள் ஆட்கள் யாரும் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். சோறு வைக்க ஆளில்லாத இடத்தில், நாய்களுக்கு நடுவில், கையில் சாப்பிட்டுப் பழகிய பூனையை விட்டுவிட்டு வருவது அதைப் பட்டினி போடுவதுதான். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில் அது குற்றமும்கூட. அம்மாவிடம் சண்டை போடாதீர்கள், சிறுநீர்ச் சோதனைக்கும் கருத்தடைக்கும் நாள் குறித்துவிட்டு, அதுவரை மெத்தையை ரப்பர் ஷீட் போட்டு மூடி வைப்பதாக வாக்குக் கொடுங்கள். நாறும் மெத்தையைத் துவைத்துக் காயப்போடுவது இத்தனை நாள் அவர்தான் என்றால் இனி அதை நீங்கள் செய்யுங்கள், அவர் கோபத்தில் பாதி அதிலேயே இறங்கிவிடும்.

இந்த வாரமே ஒரு நோட்டில் தினம் எத்தனை முறை போனது, எங்கே, ஈரம் பெரிதா சிறிதா என்று குறித்து வாருங்கள். நலமாக உள்ள பூனை நாளைக்கு இரண்டு முதல் நாலு முறை போகும், கட்டிகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். முறை கூடிக் கட்டி சின்னதாகிக்கொண்டே வந்தால் பெட்டியைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார வேண்டாம், அன்றைக்கே நோட்டையும் பூனையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், அது உட்கார்ந்து முக்குவதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் அவருக்கு இன்னும் உதவியாக இருக்கும்.